எந்தப் படியில் நிற்கிறது குழந்தை?

பள்ளிக்கல்வியில் விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போது தேர்ச்சி விகிதத்தில் முன்வரிசையில், பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்திலேயே, இருந்துவந்த மாவட்டம் என்பது ஒன்று. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு நிதி ஆயோக் வழியாகத் தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டே மாவட்டங்களில் ஒன்று என்பது மற்றொன்று. ராமநாதபுரம் அதன் துணை. அந்தப் பட்டியல் சுகாதாரம், ஊட்டச்சத்து, வேளாண்மை, சாலை வசதி எனப் பலவற்றையும் சேர்த்து அளப்பது. கல்வியை மட்டும் வைத்துப் போட்ட பட்டியல் அன்று. ஆனால் கல்விக்கென அது வைத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று கவனிக்கத் தக்கது. பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று அது கேட்கவில்லை. 3, 5, 8ஆம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணக்கும் மொழியும் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கேட்டது.

தேர்ச்சி என்பது ஒரு கேள்வி, கற்றல் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லப் பழகிய ஒரு மாவட்டத்தில் இரண்டாவது கேள்வி எளிதில் மறைந்துபோகும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் நம் வகுப்பறைகளுக்குள் வந்திறங்கியிருக்கும் கருவிகளை இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டித் திருவண்ணாமலை என்றொரு ஊர் இருக்கிறது. கிரிவலத்துக்குப் பேர்போன திருவண்ணாமலை வேறு. இது குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர், ‘தென்திருப்பதி’ என்று புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரளும் இடம். இன்னும் மேற்கே போனால் மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு, பளியர் குடியிருப்பு. ஷிப்டு வேலைக்குப் போகும் தாய் தகப்பன், தறி ஓட்டும் வீடு, தோப்பு வேலைக்காரர்கள், காட்டுப் பொருள் சேகரிக்கும் குடும்பம் என்று இத்தனை வகையான வீடுகளிலிருந்தும் குழந்தைகள் வந்து உட்காரும் இடம் அரசுத் தொடக்கப் பள்ளி. தமிழ்நாட்டின் சிறிய தொடக்கப் பள்ளிகள் பலவற்றைப் போலவே இங்கும் வழக்கமான காட்சி ஒன்றுதான்: ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறையில், நான்கும் ஐந்தும் இன்னோர் அறையில். ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் ஐந்தும் ஒரே அறையில்.

பள்ளிக்கல்விக்குள் அரசு கொண்டுவந்து சேர்த்தவை கொஞ்சமல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்நிலை, கல்லூரி மாணவர்களின் கைக்குப் போனது. 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் கோடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதே காலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப். 2023இல் மணற்கேணி செயலி. தொடர்ந்து தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் கிளாஸ் என்ற அறிவிப்பும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப் என்ற அறிவிப்பும் வந்து, பொருட்களும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. மிகப் பெரிய முதலீடு இது. அரசுப் பள்ளிக் குழந்தைக்கும் இது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் முழுமனதாக மதிக்கிறேன். அதனாலேயே, இவற்றில் எது கற்றலை நகர்த்துகிறது, எது சுவரில் தொங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இந்த விவாதத்துக்குத் தமிழ்நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஒருநாள் நம் ஊர்ப் பள்ளி ஒன்றைக் கடந்துபோகும்போது குழந்தைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது பெரிய ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் மூத்த மாணவன் ஒருவனிடம் சிறிய பிள்ளைகளை ஒப்படைத்தார். நடந்தது. 1797இல் இங்கிலாந்தில் அவர் அதை ஒரு நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பரவியது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை காலகாலமாகச் செய்துவந்த வேலைதான் அது.

இந்தக் கதையில் மணலைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்: செலவில்லாத, அழித்து அழித்து எழுதக்கூடிய கருவி. ஆனால் மணல் தனியாக எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை. அந்தச் சின்னக் கூட்டத்தில் யாருக்கு ‘அ’ வருகிறது, யாருக்குச் சுழி தவறுகிறது என்று குனிந்து பார்க்க ஓர் ஆள் இருந்ததும், தவறிய எழுத்தை அந்த நொடியிலேயே அழித்துத் திருத்த மணல் இடம் கொடுத்ததும் சேர்ந்துதான் வேலை செய்தன. பிழை உடனே கண்ணில் படுகிறது, உடனே திருத்தப்படுகிறது. கற்பித்தல் கருவி எதுவானாலும் இதைச் செய்கிறதா என்று பார்த்தால் போதும். மின்சாரம் தேவையா இல்லையா என்பது அடுத்த சங்கதி.

இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்ததும் தமிழ்நாடுதான். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்டிருந்த முறையை ஆசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்துவந்து, நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அட்டைகளாக மாற்றினார்கள். 2007–08இல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அந்த அறையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பெஞ்சு கிடையாது, பாய். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். சுவரில் ஒட்டிய ஏணிப்படத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு விலங்கின் அல்லது பொருளின் சின்னம். குழந்தை தான் முடித்த படியைத் தானே பார்த்து, அடுத்த சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்து தனக்குரிய குழுவில் உட்காரும். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு பாதி ஆசிரியரோடு பாதி தாமாக, ஒரு குழு தங்களுக்குள், ஒரு குழந்தை தனியாக. மூன்றாம் வகுப்புப் பெண் கழித்தலில் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகுப்புப் பையனோடு அதே பாயில் உட்கார்ந்து அதே அட்டையைச் செய்வாள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துத் திரும்பிய குழந்தை விட்ட படியிலிருந்து தொடங்கும். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற நம் பள்ளிகளின் நிரந்தரச் சிக்கலுக்கு இதைவிட நேரடியான விடை இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. அட்டைகள் கிழிந்துபோயின, பல இடங்களில் முறை சடங்காக மாறியது, ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார் என்ற புகார்களும் எழுந்தன, கடைசியில் பாடநூல் திரும்ப முன்னால் வந்தது. ஆனாலும் இன்று கணினி விற்பவர்கள் ‘ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் வேகத்தில்’ என்று சொல்லும்போது, அச்சடித்த அட்டையாலும் சுண்ணாம்புக் கட்டியாலும் அதைச் செய்து காட்டிய மாநிலம் இது என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கருவியை வெறுமனே கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னமெரிக்க நாடான பெரு ஒரு பாடம். ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ இயக்கத்தின் கீழ் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினிகள் கொடுக்கப்பட்டன. 319 பள்ளிகளில், பதினைந்து மாதங்களுக்குப் பின் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணினியைக் கையாளும் பழக்கம் கூடியிருந்தது. கணக்கிலோ மொழியிலோ கொடுக்கப்பட்ட பள்ளிக்கும் கொடுக்கப்படாத பள்ளிக்கும் வேறுபாடே இல்லை. நம் மடிக்கணினித் திட்டம் இதிலிருந்து வேறானது. மேல்நிலை முடிக்கும் பிள்ளைக்கு, கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்குச் சொந்தமாகப் போய்ச் சேர்ந்த பொருள் அது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களில் எத்தனையோ பேர் புராஜெக்ட் ரிப்போர்ட் தட்டச்சு செய்ததும், வேலைக்கு விண்ணப்பித்ததும், நிரல் எழுதக் கற்றதும் அதில்தான். ஒரு சமூக நீதித் திட்டமாக அதற்கு என் முழு ஆதரவு. வகுப்பறைக் கற்பித்தலை மாற்றும் திட்டமாக மட்டும் அதைப் பார்க்கக் கூடாது. அது வகுப்பறைக்காகத் திட்டமிடப்படவே இல்லை.

கியூஆர் கோடு விஷயத்தில் ஒரு நல்ல யோசனையும் ஒரு குறுக்குச் சுவரும் சேர்ந்திருக்கின்றன. புத்தகத்தோடு திரையை இணைத்தது நல்ல யோசனை. ஆனால் ஸ்கேன் செய்ய ஸ்மார்ட்போன் வேண்டும், நெட் வேண்டும்; பள்ளிக்குள் மாணவர் கையில் போன் இருக்கக் கூடாது; வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு மில்லுக்கோ தறிக்கோ போயிருக்கும். அதனால் அந்தக் கோடு பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருக்கும் போனுக்கான வாசலாகவே ஆனது. அப்படி ஆனதில் ஒரு நன்மையும் உண்டு. கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெயரில் ஜியோஜீப்ரா மென்பொருளின் பணித்தாள்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று கரும்பலகையில் எழுதலாம். மாணவர் அதை நம்பி எழுதிக்கொள்வார். புரொஜெக்டரில் ஒரு முக்கோணத்தைக் காட்டி அதன் உச்சியைப் பிடித்து இழுத்தால், ஒரு கோணம் விரிய மற்றவை சுருங்குகின்றன. பக்கத்தில் மூன்று எண்களும் ஓடுகின்றன. கூடுதல் மட்டும் அசையாமல் நிற்கிறது. “இன்னும் இழுங்க சார், உச்சியை கோட்டுக்கிட்ட கொண்டு போங்க” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும் இடம் அது. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்தால் என்னாகும் என்ற கேள்வியை மாணவரே கேட்டுவிடுகிறார். சுண்ணாம்புக் கட்டியால் காட்ட முடியாததை இங்கே திரை காட்டுகிறது. அதே புரொஜெக்டரில், பாடநூலில் உள்ள பத்தியை யாரோ ஒருவர் வாசிப்பதை நாற்பது நிமிடம் ஓடவிட்டால் திரை ஆசிரியரை அகற்றியதைத் தவிர வேறெதையும் செய்யவில்லை.

அகற்றுவதா, சேர்ப்பதா? இந்த வேறுபாட்டை எண்களில் காட்டிய ஓர் இந்திய ஆய்வு இருக்கிறது. குஜராத்தில் கியான் ஷாலா என்ற தொண்டு நிறுவனம் நடத்திவந்த பள்ளிகளில், கணக்குப் பயிற்சிக்கான ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தார் பொருளியலாளர் லீ லிண்டன். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்திலேயே குழந்தைகளைக் கணினிக்கு அனுப்பினார்கள். சில பள்ளிகளில் வகுப்பு முடிந்த பிறகோ தொடங்குமுன்போ கூடுதலாக அனுப்பினார்கள். முதல் வகையில் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. இரண்டாம் வகையில் 0.28 உயர்ந்தது. திட்ட விலக்கம் என்ற அளவைப் பழக்கமான மொழியில் சொல்வதானால், நூறு பேர் கொண்ட வரிசையின் நடுவில் நின்ற பிள்ளை முதல் வகையில் ஏறத்தாழ 72ஆம் இடத்துக்குப் பின்தள்ளப்பட்டது, இரண்டாம் வகையில் 39ஆம் இடத்துக்கு முன்னேறியது. அதே கணினி, அதே மென்பொருள். கியான் ஷாலாவின் வகுப்புகள் ஏற்கெனவே கவனமாகத் திட்டமிடப்பட்டவை. அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டதுதான் சரிவுக்குக் காரணம். ஸ்மார்ட் கிளாஸ் கால அட்டவணை போடும் ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசையிலும் இந்த இரண்டு எண்களும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி டெல்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து வந்தவற்றில் அதிகம் பேசப்படுவது. பெரும்பாலும் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேர். குலுக்கலில் பாதிப் பேருக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்றல் மென்பொருளின் மையத்தில் இலவச இடம். தினம் தொண்ணூறு நிமிடம். பாதி நேரம் கணினியில், பாதி நேரம் ஓர் ஆசிரியரோடு சிறு குழுவில். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம். முன்னே சொன்ன வரிசையில் கணக்குக்கு 50ஆம் இடத்திலிருந்து 36ஆம் இடம்.

அந்த ஆய்வில் முன்னேற்றத்தைவிட என்னை அதிகம் பாதித்தது அதன் தொடக்க நிலைக் கணக்கெடுப்பு. ஆறாம் வகுப்பு மாணவரின் கணித அறிவு சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் இந்த இடைவெளி நாலரை வகுப்பாக வளர்ந்திருந்தது. அதாவது அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு ஏறிக்கொண்டிருந்தார்கள், பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மென்பொருள் செய்த முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் நிஜமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. மற்றவை அதன் பிறகு.

நிற்கும் இடம் என்பது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். 52இலிருந்து 17ஐக் கழி. ஒரு குழந்தை 45 என்று எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் தவறு போடுகிறார். குழந்தை எழுதியதை இன்னொரு முறை பாருங்கள். பத்துகளில் ஐந்திலிருந்து ஒன்று போக நான்கு, சரி. ஒன்றுகளில் இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே அது ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டிருக்கிறது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை அது விசுவாசமாகப் பின்பற்றுகிறது. கடன் வாங்குதல் புரியவில்லை; அதற்கு முன்னால் ஒரு பத்து என்பது பத்து ஒன்றுகள் என்பது புரியவில்லை. இதே கணக்குக்கு 69 என்று எழுதும் குழந்தைக்குக் கழித்தல் குறி கண்ணில் படவில்லை, கூட்டிவிட்டது. 36 என்று எழுதியது விரல் எண்ணிக்கையில் ஒன்று தவறவிட்டது. மூவருக்கும் ஒரே சிவப்பு மை. மூவருக்கும் தேவை வேறு வேறு: முதல் குழந்தைக்குக் குச்சிக் கட்டு, இரண்டாம் குழந்தைக்கு நிதானம், மூன்றாம் குழந்தைக்குப் பயிற்சி. நல்ல ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த உடனே இதைச் சொல்லிவிடுவார். ஆனால் ஐந்து வகுப்பும் நாற்பது நோட்டும் ஓர் ஆசிரியரும் என்றால் எந்த மகாமேதையாலும் தினசரி அதைச் செய்ய முடியாது. கணினியால் முடியும். அலுக்காமல், நாற்பது பேருக்கும், ஒரே நேரத்தில் பிழையின் வகையைப் பிரித்துவைக்க முடியும். வகுப்பறையில் கணினி செய்யக்கூடிய காரியங்களில் ஆகப் பெரியது இதுவே என்பேன்; வண்ணப்படமும் அசைவூட்டமும் அதற்குப் பின்னால்தான்.

டெல்லி முடிவில் ஒரு கசப்பும் உண்டு. மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் மென்பொருளில் நன்றாக முன்னேறிய பிறகும், பள்ளியில் அவர்கள் வகுப்புக்குரிய கணக்குத் தேர்வில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து நாலாம் வகுப்புக் கணக்குக்கு ஏறிய பிள்ளையை எட்டாம் வகுப்பு வினாத்தாள் கவனிப்பதில்லை. தேர்ச்சி விகிதத்தால் தன்னை அளந்து பழகிய மாவட்டத்துக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது.

கொரோனாக் காலம் இதையெல்லாம் நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் கல்வித் தொலைக்காட்சி ஓயாமல் பாடம் நடத்தியது. அந்தப் பாடங்களைத் தயாரித்தவர்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2019இல் அதே ஊர்களில் அதே வயதுக் குழந்தைகள் பெற்றிருந்ததைவிடக் கணக்கில் 0.73, மொழியில் 0.34 திட்ட விலக்கம் குறைந்திருந்தது. நடுவில் நின்ற குழந்தை கணக்கில் 77ஆம் இடத்துக்குப் போய்விட்ட கதை. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் இருந்தது, பாடமும் வந்தது. குழந்தை 45 என்று எழுதியதை யாரும் பார்க்கவில்லை.

அதே ஆய்வின் அடுத்த பகுதி நம்பிக்கை தருவது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிட்டது. மீட்பில் ஏறத்தாழ 24 சதவீதத்துக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் அருகே தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில் தங்கள் தெருவிலேயே இருபது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி, எது கிடைத்ததோ அது. தன்னார்வலரைப் பதிவு செய்ததும், குழந்தைகளை அவரோடு இணைத்ததும், வருகையைக் குறித்ததும் செல்பேசிச் செயலி வழியாக. இவ்வளவு பெரிய கூட்டத்தை அத்தனை வேகமாகத் திரட்டியது தொழில்நுட்பம்தான். ஆனால் குழந்தையின் முன்னால் உட்கார்ந்தது பக்கத்து வீட்டு அக்கா. இந்த வேலைப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆள் வேண்டும் என்பதற்கு, ஆளே வேண்டாம் என்று வாதாடிய ஒருவரின் சோதனையும் சாட்சி சொல்கிறது. சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்துக் குழந்தைகள் தாமாகக் கற்பதைக் காட்டிய சுகதா மித்ரா, காளிகுப்பம் என்ற கிராமத்தில் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடங்களைக் கணினியில் போட்டுவைத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் அவர்கள் மதிப்பெண் சுமார் 30 சதவீதத்துக்கு ஏறியது, வியப்பான செய்திதான். அதற்கு மேல் ஏறியது, பாடம் எதுவும் தெரியாத ஒரு பெண் கூட இருந்து ‘இது என்ன, எப்படிக் கண்டுபிடிச்சீங்க’ என்று ஒரு பாட்டியைப் போல விசாரித்துக்கொண்டிருந்த பிறகு. 2010இல் வெளியான அவர் கட்டுரையின் தலைப்பே தானாகக் கற்றலின் எல்லைகளைப் பற்றியது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. செயல்வழிக் கற்றலின் ஏணி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்றே இதைப் படிக்கிறேன், வரவேற்கிறேன். இந்த முறை மதிப்பீடு செயலியில் நடக்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் சோதித்து விடையைப் பதிவேற்றுகிறார். இங்கேதான் உரசல். பள்ளித் தகவல் தளமான எமிஸில் செய்யும் வேலை, வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, இதோடு இதுவும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது; மலையடிவாரத்தில் டவர் கிடைக்கிற மூலையைத் தேடி ஆசிரியர் மைதானத்துக்குப் போகிறார்; உள்ளே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இந்தப் பதிவேற்றங்களிலிருந்து விடுவிக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒரு முழுநாள் இருந்து பார்க்கவில்லை.

தகவல் மேலே போகிறது. அதே அக்கறையோடு கீழே வருவதில்லை. சென்னையில் ஒரு திரையில் மாவட்டம் வாரியாக வண்ணங்கள் மாறுகின்றன. நான்காம் வகுப்பு ஆசிரியருக்குத் தேவையானது அது இல்லை. இன்று காலை தன் வகுப்பில் யார் யார் பத்துகளைப் பிரிப்பதில் தடுமாறுகிறார்கள், அவர்களை எந்த மூவராகச் சேர்த்து உட்காரவைக்கலாம், என்ன அட்டையைக் கொடுக்கலாம் என்ற அரைப்பக்கம். பதிவு செய்த அதே டேபில், நெட் இல்லாதபோதும், மறுநாள் மணியடிக்குமுன் அது கிடைத்துவிட்டால் பதிவேற்றத்தை ஆசிரியர் சுமையாக நினைக்க மாட்டார். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் ‘ன, ண’ தடுமாறும் பிள்ளையும், கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடும் பிள்ளையும் ‘மொட்டு’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைபடாமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

பழுதுபார்ப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கேரளம் 2001இலேயே ஐடி@ஸ்கூல் தொடங்கி, கட்டற்ற மென்பொருளில் நின்று, தன் ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கியது. பிறகு கைட் நிறுவனத்தின் வழியாக 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கியது. பள்ளிக் குழந்தைகளே ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் சேர்ந்து கருவிகளைக் கவனித்துக்கொள்ளக் கற்கிறார்கள். பல்பு போன புரொஜெக்டருக்கு டெண்டர் வரும்வரை உறை போட்டு மூடிவைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. நூற்பாலையில் ஒரு கதிர் நின்றால் சில நிமிடத்தில் ஆள் வந்து பார்க்கும் ராஜபாளையத்தில் வகுப்பறைத் திரை மாதக்கணக்கில் இருண்டு கிடப்பது பொருந்தவே இல்லை. ஊரில் பாலிடெக்னிக் இருக்கிறது, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றியத்துக்கொரு பழுதுபார்ப்பு நாள் ஒதுக்கினால் செலவு பஸ் கட்டணம்தான்.

அதே போல, புதிதாக எதையும் வாங்காமலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. உயர்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேபைப் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் திறந்துவைத்து, பக்கத்துத் தொடக்கப் பள்ளி நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைக்கலாம். வகுப்பு நேரம் குறையாது, குஜராத்தின் சரிவு நேராது. மில்லில் இரண்டாம் ஷிப்டுக்குப் போன தாய் திரும்பும்வரை அந்தப் பிள்ளைகள் எப்படியும் தெருவில்தான் இருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்கள் அதே தெருக்களில் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு கணினி, பத்துக் கணினிக்கு ஒரு அக்கா. மென்பொருள் தமிழில் பேச வேண்டும், நெட் இல்லாமலும் ஓட வேண்டும், பிழையின் வகையைச் சொல்ல வேண்டும். செண்பகத்தோப்புப் பிள்ளைகள் லேப் வரை வர முடியாது. அவர்களுக்கு அச்சடித்த அட்டைத் தொகுப்பும், வாரம் ஒருமுறை டேபோடு போய் ஒவ்வொருவர் நோட்டையும் பார்த்துவரும் ஒருவரும் போதும். அந்த ஒருவரின் பயணப்படியை எந்தத் தலைப்பில் ஒதுக்குவது என்று வட்டாரக் கல்வி அலுவலகம் முடிவு செய்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.